டீச்சரைக் கேளுங்கள்: மூழ்கிய முட்டை, மிதந்த விளக்கெண்ணெய்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடையவை. பள்ளிக்கூடத்தில் 'பருப்பொருளின் பண்புகள்' பாடம் ஓடுகிறது போலிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெரியவர்களும் பால், நகை, சமையல் என்று அதே பாடத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், எங்கள் தாத்தா நாற்றுவிடுவதற்கு முன்னால் அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழிமுட்டையைப் போடுவார். முட்டை மிதந்ததும் அதை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டுவார். முட்டைக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால், "எல்லாம் ஒரு கணக்குதான்" என்று மட்டும் சொல்கிறார்.
– எட்டாம் வகுப்பு மாணவன், ஸ்ரீவைகுண்டம்

தம்பி, தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அது அடர்த்திக் கணக்கு. முட்டைதான் அவருடைய அளவுகருவி.

ஒரு கன சென்டிமீட்டர் நல்ல தண்ணீரின் நிறை ஒரு கிராம். அதே கன அளவுள்ள புது முட்டை 1.08 கிராம் போல இருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் முட்டை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பைப் போட்டுக் கரைக்கும்போது தண்ணீரின் நிறை ஏறுகிற வேகத்துக்கு அதன் கன அளவு ஏறுவதில்லை. எனவே அடர்த்தி கூடிக்கொண்டே போகும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றேகால் கிலோ உப்பு சேரும் நேரத்தில் முட்டை அடியில் லேசாக அசைய ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் போட்டால் மெதுவாக எழும்பி, பழைய நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தலையைக் காட்டும். அதுதான் தாத்தா எதிர்பார்க்கிற இடம். அதற்குமேல் உப்பு வேண்டாம்.

இப்போது நெல்லைக் கொட்டினால் அது இரண்டாகப் பிரியும். உள்ளே அரிசி முழுதாக முற்றிய நெல் மூழ்கும். பதரும் அரைகுறையாகப் பால் பிடித்ததும் மேலே மிதக்கும். "வெறும் தண்ணீரிலேயே பதர் மிதக்குமே, உப்பை எதற்குச் செலவழிக்க வேண்டும்?" என்று நீ கேட்கலாம். வெறும் தண்ணீரில் முழுப் பதர்தான் மிதக்கும். பாதி நிறைந்த நெல் அதில் தப்பித்து மூழ்கிவிடும். நாற்றங்காலில் நோஞ்சானாக முளைப்பது அதுதான். உப்புக் கரைசல் தேர்வைக் கொஞ்சம் கடினமாக்குகிறது, அவ்வளவுதான்.

முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்று தாத்தா அடம்பிடிப்பார், கவனித்திருக்கிறாயா? முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக நாளாக உள்ளே இருக்கும் ஈரம் அவற்றின் வழியாக வெளியேறி, அகன்ற முனையில் காற்று சேரும். அளவு அப்படியே இருக்கும், நிறை குறையும். பழைய முட்டை கொஞ்சம் உப்பிலேயே மிதந்து, கரைசல் தயார் என்று பொய் சொல்லிவிடும். அப்புறம், மூழ்கிய நெல்லை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

நான் பாடம் நடத்திய தூத்துக்குடிப் பக்கத்தில் உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அங்கே முட்டைக்குப் பதிலாகக் கண்ணாடி மிதவை. அதில் 'போமே' அளவில் டிகிரி குறித்திருக்கும். இந்த டிகிரிக்கும் வெயிலின் டிகிரிக்கும் சம்பந்தமில்லை, இது அடர்த்திக்கானது. கடல்தண்ணீர் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு 25 டிகிரி வந்ததும் உப்பு படிய ஆரம்பிக்கும். அதாவது ஒரு கன சென்டிமீட்டர் 1.21 கிராம். அதற்கு முன்பே ஜிப்சம் முந்தைய பாத்திகளில் தங்கிவிடும். 29, 30 டிகிரியைத் தொட்டால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து கசக்கும். ஒரே கடல்தண்ணீரிலிருந்து ஒவ்வொன்றும் அதனதன் கரைதிறனுக்கு ஏற்ப வரிசையாகப் பிரிவதைப் பார்க்க அதைவிட நல்ல ஆய்வகம் எனக்குத் தெரியாது.

கேள்வி: வீட்டுக்கு வரும் கறந்த பாலைப் பால்மானி போட்டுப் பார்த்தேன். 30 காட்டுகிறது. ஆனால் டீ போட்டால் தண்ணீராக இருக்கிறது, தயிரும் கெட்டிப்படுவதில்லை. பால்மானி பழுதா?
– குடும்பத் தலைவி, திண்டுக்கல்

பால்மானியில் பழுது இருக்காது, அம்மா. உங்களுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு அறிவியல் தெரிந்திருக்கிறது.

30 என்றால் பாலின் அடர்த்தி 1.030. நல்ல பசும்பால் 28க்கும் 32க்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் சேர்த்தால் இது இறங்கும். பத்துப் பங்கு பாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் 30 இருந்தது 27க்கு வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

பாலில் தண்ணீரைவிட லேசான பொருள் ஒன்று இருக்கிறதே, வெண்ணெய்ச் சத்து! அதை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி குறையாது, கூடும். முழுக்க எடுத்தால் 35, 36 வரை போகும். அந்தப் பாலில் ஐந்துக்கு ஒன்று என்று தண்ணீர் ஊற்றினால் மறுபடி 30க்கே வந்து நிற்கும். வெண்ணெயும் போயிற்று, தண்ணீரும் சேர்ந்தது, மானி மட்டும் நல்ல பால் என்று சான்றிதழ் தருகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் அடர்த்தியோடு கொழுப்பையும் தனியாகப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஒரு பண்பை மட்டும் வைத்து ஒரு பொருளை அடையாளம் சொன்னால் இப்படித்தான் ஏமாற நேரும். கீழே நகைக் கேள்வியிலும் இதையே சொல்லப்போகிறேன்.

வீட்டில் என்ன செய்யலாம்? காய்ச்சி, ஆறவைத்து, ஆடை எவ்வளவு கட்டுகிறது என்று பாருங்கள். பாக்கெட் பாலோடு ஒப்பிடலாம்: சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். உங்கள் கறந்த பாலின் ஆடை சமன்படுத்திய பாலைவிட மெலிதாக இருந்தால் பேசவேண்டிய இடத்தில் பேசுங்கள். மாவு கலந்து அடர்த்தியை ஏற்றுகிறவர்களும் உண்டு. காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலம் பாரிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பால்காரர் மேல் வீண்பழி வரக்கூடாது. கறந்த சூட்டோடும் நுரையோடும் மானியைப் போட்டால் நல்ல பாலுக்கும் குறைவாகத்தான் காட்டும். ஆறி, நுரை அடங்கிய பிறகு போடுங்கள்.

கேள்வி: தேனும் கெட்டி, விளக்கெண்ணெயும் கெட்டி. தேன் தண்ணீரில் மூழ்குகிறது, விளக்கெண்ணெய் மிதக்கிறது. ஏன்?
– ஏழாம் வகுப்பு மாணவி, ராஜபாளையம்

பாப்பா, மெதுவாக ஊற்றுகிற எதுவும் கனமானது என்று நினைத்துக்கொள்கிறோம். ஊற்றும்போது நகர மறுப்பது ஒரு பண்பு, பாகுநிலை. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை கிராம் அடங்கியிருக்கிறது என்பது வேறு பண்பு, அடர்த்தி. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேன் 1.4, விளக்கெண்ணெய் 0.96. பாதரசத்தைப் பார், தண்ணீராக ஓடும், அடர்த்தியோ 13.6. இரும்பு போல்ட்டே அதில் மிதக்கும்.

கேள்வி: பாட்டியின் பழைய சங்கிலி ஒன்று இருக்கிறது. முத்திரை எதுவும் இல்லை. உரசாமல், உருக்காமல், தங்கம்தானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? ஆர்க்கிமிடீஸ் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது தோன்றிய கேள்வி இது.
– வாசகி, மதுரை

உண்டு. ஆனால் கதையில் வருகிற வழி வேண்டாம். சைரக்யூஸ் அரசன் ஹியரோவின் கிரீடத்தை ஆர்க்கிமிடீஸ் தண்ணீரில் அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்தார் என்பது அவர் இறந்து சுமார் இருநூறு வருடம் கழித்து ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்த கதை. பாத்திரத்தின் விளிம்பில் வழிகிற தண்ணீரை நம்பி ஒரு கிரீடத்தில் கலந்த வெள்ளியைக் கண்டுபிடிப்பது சிரமம். இந்தச் சந்தேகம் கலிலியோவுக்கும் வந்தது. 1586இல், 22 வயதில், ஒரு சின்னக் கட்டுரையே எழுதினார்: வழிவதை அளக்காதே, தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துப் பார் என்று. நான் கலிலியோ கட்சி.

இப்போது விற்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவது, இருந்தால் போதும். முதலில் நகையைக் காய்ந்த தட்டில் வைத்து நிறுங்கள். எட்டு கிராம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு பவுன். அடுத்து ஒரு டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியம் பொத்தானை அழுத்துங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. கை ஆடாமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தராசு ஒரு சின்ன எண் காட்டும். நகை எவ்வளவு தண்ணீரை விலக்கியதோ அதன் எடை அது. கிராமில் வருகிற அந்த எண்ணே நகையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எட்டை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

எட்டு கிராம் 22 காரட் நகை 0.45 காட்ட வேண்டும், அடர்த்தி 17.8 வாக்கில் வரும். சுத்தத் தங்கம் 19.3, 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம்தான், மிச்சம் செம்பும் வெள்ளியும் என்பதால் இந்த இறக்கம். முலாம் பூசிய வெள்ளியாக இருந்தால் 0.76, பித்தளையாக இருந்தால் 0.94. தூக்கலாகத் தெரியும் வித்தியாசம், தப்ப முடியாது.

சங்கிலியின் கண்ணிகளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்கள்தான் பெரிய எதிரி. ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் உலுக்கி, குமிழ் போன பிறகு பாருங்கள். கல் பதித்தது, உள்ளே அரக்கு அடைத்தது, குழாயாகச் செய்து மூடியது, இவை எதற்கும் இந்தக் கணக்கு செல்லாது.

சரி, 17.8 வந்துவிட்டால் தங்கம் என்று முடிவுகட்டலாமா? பாட்டியின் சங்கிலிக்குக் கட்டலாம். ஆனால் டங்ஸ்டன் என்று ஓர் உலோகம் இருக்கிறது, அடர்த்தி 19.25. தங்கக் கட்டிகளுக்கு நடுவில் அதை வைத்து மூடி உலகம் முழுக்க ஏமாற்றுகிறார்கள். தண்ணீர்ச் சோதனையில் அது பிடிபடாது. மற்ற பண்புகளில் தங்கத்துக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தங்கம் 1064 டிகிரியில் உருகும், டங்ஸ்டனுக்கு 3422 வேண்டும். ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாக அடிக்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற தங்கத்தாள் அப்படி அடித்ததுதான். டங்ஸ்டனைச் சாதாரண சூட்டில் அடித்தால் தகடாகாமல் விரிசல் விடும். அதனால் விற்கப் போகிறீர்கள் என்றால் ஹால்மார்க் மையத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விற்காவிட்டால் என் கணக்கு போதும்.

பிள்ளைகளோடு முதலில் ஒரு இரும்பு போல்ட்டில் பழகிக்கொள்ளுங்கள். சமையல் தராசே போதும். 118 கிராம் போல்ட் 15 காட்டினால் விடை 7.87, இரும்பேதான்.

கேள்வி: கோவிலில் கற்பூரம் ஏற்றியதும் மிச்சமே இல்லாமல் போய்விடுகிறது. இது பதங்கமாதல்தானே? பரீட்சையில் அப்படி எழுதினேன், மிஸ் தப்பு போட்டுவிட்டார்.
– ஏழாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

மிஸ் போட்டது சரி, தம்பி. கற்பூரம் பதங்கமாகும் பொருள்தான். ஆனால் தட்டில் நீ பார்த்தது அதுவல்ல.

பூஜை அலமாரியில் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தால் கற்பூர வில்லை நாளுக்கு நாள் இளைக்கும். வாசனை வீடு முழுக்க வரும். திண்மம் திரவமாகாமலே ஆவியாகிறது, ஆனாலும் அது கற்பூரமாகவே இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் பட்டால் மறுபடி படிகமாகப் படியும். அதுதான் பதங்கமாதல், இயற்பியல் மாற்றம். துணிக்கு நடுவில் வைக்கும் நாப்தலின் உருண்டையும் இப்படித்தான் மெலிகிறது.

தட்டில் ஏற்றும்போது சூட்டில் கற்பூரம் ஆவியாகிறது. அந்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. கொஞ்சம் கரியும் மிஞ்சும், தட்டின் அடியைத் தேய்க்கிறவர்களைக் கேள். அந்தக் கற்பூரம் திரும்பி வராது. அது வேதியியல் மாற்றம். அடுத்த முறை உற்றுப் பார், எரியும் வில்லையைச் சுற்றி ஒரு சின்னக் குளம் கட்டும். 175 டிகிரிக்கு மேல் சூடானால் கற்பூரம் உருகவும் செய்யும். பதங்கமாகிற பொருள் உருகவே உருகாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைத்தால் கரையாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். இறுக்கமான மூடிதான் காப்பாற்றுகிறது, பெயர் மிளகுக்குப் போகிறது என்பது என் கட்சி. இரண்டு டப்பா எடுத்து, ஒன்றில் மட்டும் மிளகு போட்டு, ஒரு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்து எனக்கு எழுது.

கேள்வி: மாற்றலாகி ஊட்டிக்கு வந்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய் எப்போதும் உறைந்தே இருக்கிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. பருப்பும் வேகமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் குளிர்தான் காரணமா?
– வாசகர், ஊட்டி

எண்ணெய்க்குக் குளிர் காரணம், ஐயா. பருப்புக்கு உயரம் காரணம்.

தேங்காய் எண்ணெயின் உருகுநிலை 24, 25 டிகிரி வாக்கில். உங்கள் ஊரில் வீட்டுக்குள் அந்தச் சூடு கிடைப்பதே அரிது. நல்லெண்ணெய் உறைய பூஜ்ஜியத்துக்கும் கீழே போக வேண்டும். சமவெளியில் இருந்தபோது மார்கழிக் காலையில் இந்த எண்ணெய் மெல்லக் கலங்கி, திட்டுத் திட்டாகக் கட்டி, அப்புறம் முழுக்க வெள்ளையாவதைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கட்டி சுத்தமான ஒரே பொருள் என்பதால் சரியாகப் பூஜ்ஜியத்தில் உருகும். எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு டிகிரியில் உறையும். உருகுநிலை ஒரே புள்ளியில் நிற்கிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா என்பதை வைத்தே ஒரு பொருள் சுத்தமா கலவையா என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் காட்டுங்கள். பாதி உருகிய தேங்காய் எண்ணெயில் உறைந்த கட்டி அடியில் கிடக்கும். தண்ணீர் டம்ளரில் பனிக்கட்டி மேலே மிதக்கும். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கி அடர்த்தி கூடும், எண்ணெய் அந்தச் சாதி. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. அடர்த்தி 0.917 ஆகிவிடும். ஃப்ரீசரில் மறந்துவைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதும் இதனால்தான்.

பருப்புக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கொதிக்கிறது என்பதால் வேகிறது என்று ஆகிவிடாது. குக்கர் இருந்தால் கவலையில்லை. ஆனால் அதிலும் கடற்கரை ஊரில் 120 டிகிரி போகிற இடத்தில் உங்களுக்கு 116, 117தான். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.

கேள்வி: காலையில் வகுப்பில் பெஞ்சின் இரும்புக் கால் ஜில்லென்று இருக்கிறது, பலகை அப்படி இல்லை. இரும்பின் வெப்பநிலை குறைவா?
– ஆறாம் வகுப்பு மாணவன், ஓசூர்

இல்லை கண்ணு, ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றுதான். உன் கை அவற்றைவிடச் சூடு. இரும்பு அந்தச் சூட்டை மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக இழுத்துக் கடத்திவிடுகிறது. கை இழக்கிற வேகத்தைத்தான் 'ஜில்' என்று உணர்கிறாய். ஒரே அளவு பனிக்கட்டி இரண்டு எடுத்து, ஒன்றை எவர்சில்வர் தட்டிலும் ஒன்றைக் காய்கறி வெட்டும் மரப்பலகையிலும் வை. எது முதலில் உருகும் என்று வீட்டில் எல்லோரிடமும் பந்தயம் கட்டிவிட்டு வை. பலர் தோற்பார்கள்.

கேள்வி: வைரம்தான் உலகிலேயே கடினம் என்றால் சுத்தியலால் அடித்தாலும் உடையாதா?
– எட்டாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்

உடையும், தூளாகவே போகும். கடினத்தன்மை என்றால் கீறலைத் தாங்குவது. 1812இல் மோஸ் என்ற கனிமவியலாளர் போட்ட அளவுகோலில் மிக மிருதுவான டால்க் கனிமம் 1, வைரம் 10. வைரத்தைக் கீற இன்னொரு வைரம் வேண்டும். அடியைத் தாங்குவது வேறு பண்பு, அதில் வைரத்தைவிட அந்தச் சுத்தியலே மேல். அம்மாவின் மூக்குத்தியில் சோதிக்காதே.

கேள்வி: நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு ஐந்து மதிப்பெண் கேள்வி. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் நிலாவுக்கு யார் போகப்போகிறார்கள்? இங்கே இதனால் என்ன பயன்?
– எட்டாம் வகுப்பு மாணவன், ஈரோடு

நல்ல கோபம். நிலா வேண்டாம், டெல்லிக்குப் போவோம்.

பூமி எல்லா ஊரையும் ஒரே பலத்தோடு இழுப்பதில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் இழுவை கொஞ்சம் குறைவு, துருவங்களில் கூடுதல், வித்தியாசம் அரை சதவீதம். டெல்லியைவிடச் சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். டெல்லியில் சரிபார்த்த ஒரு எலக்ட்ரானிக் தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ தங்கக் கட்டியை வைத்தால் 0.9 கிராம் போலக் குறைத்துக் காட்டும். கட்டியில் ஒரு அணுகூடக் குறையவில்லை, அதாவது நிறை மாறவில்லை. எடை குறைந்திருக்கிறது. தங்கம் விற்கிற விலைக்கு அந்த 0.9 கிராமை யாராவது சும்மா விடுவார்களா? அதனால்தான் துல்லியமான தராசுகளை வைக்கிற ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பழைய இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. பொருளை இழுக்கிற அதே பூமிதான் படிக்கல்லையும் இழுக்கிறது, இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும். நிலாவில் வைத்தாலும் அது சரியாகவே காட்டும்.

விடைத்தாளில் நிறைக்கு கிலோகிராம், எடைக்கு நியூட்டன் என்று அலகு எழுத மறந்துவிடாதே. கோபத்துக்கு மதிப்பெண் தரமாட்டார்கள்.

கேள்வி: ஒரு கிலோ இரும்பா, ஒரு கிலோ பஞ்சா, எது கனம் என்று அண்ணன் கேட்டான். இரண்டும் ஒன்றுதான் என்றேன். இல்லை, பஞ்சுதான் கனம் என்று பத்து ரூபாய் பந்தயம் கட்டுகிறான். கேலி செய்கிறானா?
– ஏழாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

அண்ணன் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறானோ? கேட்டுச் சொல்.

காற்றும் பருப்பொருள்தான், அதற்கும் நிறை உண்டு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறைக்குள் இருக்கும் காற்றை நிறுத்தால் 34 கிலோ வரும், ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எடை. தண்ணீருக்குள் இறக்கிய நகையைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது என்று பார்த்தோமே, காற்றும் தனக்குள் இருக்கிற எல்லாவற்றையும் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. இடத்தை அடைக்கிற அளவுக்குத் தள்ளல்.

ஒரு கிலோ இரும்பு அடைப்பது எட்டில் ஒரு லிட்டர். பஞ்சின் இழைகளை மட்டும் கணக்கிட்டாலும் லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே பஞ்சைக் காற்று அதிகம் தாங்கிப்பிடிக்கிறது. அப்படித் தாங்கியும் தராசில் இரும்புக்குச் சமமாக நிற்கிறது என்றால், பஞ்சின் உண்மையான நிறை கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம். எவ்வளவு? முக்கால் கிராமுக்கும் குறைவு. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் பஞ்சுத் தட்டு மெல்லக் கீழே போகும்.

ஆக, அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் பத்து ரூபாயை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதே. காற்றில்லாத ஒரு அறையும் அதற்குள் ஒரு தராசும் ஏற்பாடு செய்து காட்டச் சொல்.